எல்.எஸ்.சி.எஃப் காற்று மின்முனை: குறை அதிர்வெண் வளைவு பெருத்துக்கொண்டே போகிறது. பரப்பு வினையா, வாயுப் பரவலா?

வெண்மதி:
வணக்கம். திட ஆக்சைடு செல்லின் காற்று மின்முனையில் ஆக்சிஜன் ஒடுக்க வினையைப் படித்துவருகிறேன். சமச்சீர் செல். நடுவில் ஜி.டி.சி (கடோலினியம் கலந்த சீரியம் ஆக்சைடு, அயனியைக் கடத்தும் மின்பகுளி) வில்லை, இரு பக்கமும் 1050 டிகிரியில் சுட்ட எல்.எஸ்.சி.எஃப் (லாந்தனம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு சேர்ந்த ஆக்சைடு) பூச்சு, மின் தொடர்புக்குத் தங்க வலை. 700 டிகிரி செல்சியஸ், திறந்த சுற்று நிலை. காற்று ஆய்வகக் கம்ப்ரசரிலிருந்து வருகிறது.

இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தடையை அளப்பது) எடுத்தால் வரைபடத்தில் ஆரம்பத்தில் ஒரே வளைவு, அதன் அகலம்தான் மின்முனைத் தடை. போகப் போக அது பெருத்து, இப்போது மின்முனைத் தடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. உயர் அதிர்வெண் வெட்டுப்புள்ளி (வரைபடம் கிடை அச்சைத் தொடும் இடம், பெரும்பாலும் வில்லையின் தடை) மட்டும் இம்மியும் அசையவில்லை. வரைபடத்துக்கு ஈடாக இரண்டு உறுப்புச் சமானச் சுற்று, மூன்று உறுப்புச் சமானச் சுற்று எதைப் போட்டாலும் நன்றாகவே பொருந்துகிறது. எதை நம்புவது? வாயுப் பரவலாக இருக்கும் என்கிறார் வழிகாட்டி. எனக்கு மனசு ஒப்பவில்லை. செல்லை உடைக்காமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

சூளையடி:
கொஞ்ச நாளைக்குச் சமானச் சுற்றை ஒதுக்கி வையுங்கள் தங்கச்சி. உறுப்பு கூடினால் எந்த வரைபடமும் பொருந்தத்தான் செய்யும், அது சாட்சியாகாது. நிலைமையை மாற்றி, எந்த வளைவு அசைகிறது என்று பாருங்கள்.

பரவலா என்று கேட்க நேரான சோதனை ஒன்று உண்டு. ஆக்சிஜன் பங்கை மாற்றாமல் நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் விடுங்கள். ஹீலியத்தில் ஆக்சிஜன் மூன்று மடங்குக்கும் மேல் வேகமாகப் பரவும். பரவல் வளைவு என்றால் கண்ணெதிரே சுருங்கிவிடும், பரப்பு வினை கண்டுகொள்ளாது. காற்றில் மட்டும் பார்க்காமல் 2 சதவீத ஆக்சிஜனிலும் பாருங்கள். பரவல் தடை ஆக்சிஜன் அழுத்தத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறும் என்பதால், இருந்தால் அங்கே தனியாகத் தலைகாட்டும்.

வெப்பநிலையையும் மாற்றுங்கள். பரவல் அதற்குப் பெரிதாக அசையாது. எல்.எஸ்.சி.எஃப் வினையின் கிளர்வு ஆற்றல் பெரும்பாலும் 1.3 முதல் 1.6 எலக்ட்ரான் வோல்ட் வரை வரும், அதனால் அதன் தடை வெப்பநிலைக்குப் பலமாக அசையும்.

அப்புறம், செல் தாங்கி என்ன உலோகம்?

அரைவட்டம்:
சூளையடி அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.எஸ்.சி.எஃப் அயனியையும் எலக்ட்ரானையும் கடத்தும். அதனால் பரப்பில் ஆக்சிஜன் பரிமாற்றமும் உள்ளே அயனி நகர்வும் பின்னிக் கிடக்கும். ஆட்லர், லேன், ஸ்டீல் மூவரும் 1996-ல் கொடுத்த மாதிரி இதற்குத்தான். வளைவு சரியான அரைவட்டமாக இராது. உயர் அதிர்வெண் பக்கம் 45 பாகைச் சாய்வில் நேர்கோடாகப் புறப்பட்டு அப்புறம் வளையும். உங்கள் வரைபடத்தில் அப்படித் தெரிகிறதா?

தெரிந்தால் உச்ச அதிர்வெண்ணை, அதாவது வளைவின் உச்சிப் புள்ளிக்குரிய அதிர்வெண்ணைக் குறித்து வையுங்கள். பெரும்பாலானவர்கள் தடையை மட்டும் எழுதிவைத்து இதை விட்டுவிடுகிறார்கள், வருத்தமாக இருக்கிறது. அந்த மாதிரியில் தடை, பரப்புப் பரிமாற்ற வேகம், அயனிப் பரவல் வேகம் இரண்டின் பெருக்கற்பலனுடைய வர்க்கமூலத்துக்குத் தலைகீழ். உச்ச அதிர்வெண்ணோ பரப்பு வேகத்தை மட்டுமே பின்தொடரும். ஆகவே பரப்பு மட்டும் கெட்டால் தடை இரண்டு மடங்காகும்போது அதிர்வெண் நான்கில் ஒன்றாக விழும். தடையின் வர்க்கத்தை அதிர்வெண்ணால் பெருக்கினால் மாறாத எண் வர வேண்டும். உள்ளே அயனி நகர்வு கெட்டாலோ, பூச்சு பெயர்ந்தாலோ தடை ஏறும், அதிர்வெண் அப்படியே நிற்கும். பெயர்ந்திருந்தால் உங்கள் வெட்டுப்புள்ளியும் நகர்ந்திருக்கும்.

வெண்மதி:
45 பாகைக் கோடு தெளிவாக இருக்கிறது! பழைய கோப்புகளைத் திறந்து கணக்குப் போட்டேன். தொடக்கத்தில் தடை 0.21 ஓம் சதுர செ.மீ., உச்சம் 38 ஹெர்ட்ஸ். இப்போது 0.40, 10.5 ஹெர்ட்ஸ். பெருக்கினால் இரண்டுக்கும் 1.68.

ஹீலியமும் விட்டுப் பார்த்தேன். காற்றின் ஆக்சிஜன் அளவில் எந்த மாற்றமும் இல்லை. 2 சதவீதத்தில் இன்னும் குறைந்த அதிர்வெண்ணில் தனியாக ஒரு சின்ன வளைவு வந்தது, ஹீலியத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. பரவல் அதுதான். பெருத்த வளைவு வேறு.

தாங்கி துருப்பிடிக்கா எஃகு, சூடான பகுதிக்குள்ளேயே இருக்கிறது.

சூளையடி:
எஃகு என்றதுமே நினைத்தேன். சூட்டில் எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடு படியும். ஈரக் காற்று பட்டால் அது குரோமியம் ஆக்சிஹைட்ராக்சைடு ஆவியாக எழும். எல்.எஸ்.சி.எஃப்-இல் ஸ்ட்ரான்சியம் தானாகவே பரப்புக்கு ஏறி வரும் குணமுள்ளது. இரண்டும் சேர்ந்தால் ஸ்ட்ரான்சியம் குரோமேட், ஆக்சிஜன் வந்து உட்காரும் இடத்தையே அது மூடிவிடும். எல்.எஸ்.எம் (லாந்தனம், ஸ்ட்ரான்சியம், மாங்கனீசு ஆக்சைடு) மின்முனையில் பெரும்பாலும் மின்னோட்டம் ஓடும்போதுதான் குரோமியம் படியும். எல்.எஸ்.சி.எஃப்-இல் திறந்த சுற்றிலேயே நடக்கும், உங்கள் நிலைமை அதுதான்.

ஆனால் குற்றம் முழுவதையும் எஃகின் மேல் போடாதீர்கள். கம்ப்ரசர் காற்றில் ஈரமும் கரியமில வாயுவும் உண்டு. கரியமில வாயுவின் பாதிப்பு 600 டிகிரிக்குக் கீழேதான் பலமாக இருக்கும், சுத்தமான காற்று கொடுத்தால் பெரும்பகுதி மீளும். குரோமேட் மீளாது. முதலில் சிலிண்டர் செயற்கைக் காற்று விடுங்கள். பிறகு புதிய செல்லுக்கு அலுமினாத் தாங்கி போடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதற்குக் காரணம் என்று தெரியாமல் போகும்.

அரைவட்டம்:
பழைய செல்லைக் குப்பையில் போட வேண்டாம். ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி சிதறுவதை வைத்துச் சேர்மத்தை அடையாளம் காணும் முறை) 860 முதல் 900 வரையிலான அலைஎண்ணில் குரோமேட் வலுவாகத் தெரியும். எல்.எஸ்.சி.எஃப் அங்கே மங்கல்தான், அதனால் கொஞ்சம் இருந்தாலும் பிடிபடும். விளிம்பு, நடு இரண்டு இடத்திலும் எடுங்கள்.

வெண்மதி:
செயற்கைக் காற்றில் ஏற்றம் வெகுவாகக் குறைந்தது, ஆனால் தடை பழைய அளவுக்குத் திரும்பவில்லை. ராமனில் குரோமேட் உச்சி வந்தது, தாங்கியை ஒட்டிய விளிம்பில் உயரமாக, நடுவில் தாழ்வாக. அலுமினாத் தாங்கியில் கம்ப்ரசர் காற்றோடு புதிய செல் ஓடுகிறது. அதிர்வெண் இதுவரை நிலையாக நிற்கிறது. வழிகாட்டியிடம் அந்தப் பெருக்கல் கணக்கைக் காட்டினேன், பரவல் இல்லை என்று ஒத்துக்கொண்டார். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

அரைவட்டம்:
அருமை. நேரம் கிடைத்தால் அதே தூளில் அடர்த்தியான சட்டம் ஒன்று சுட்டு, ஆக்சிஜன் அழுத்தத்தைச் சட்டென மாற்றி மின்கடத்தல் தளர்வை அளந்து பாருங்கள். பரப்புப் பரிமாற்ற வேகம் நேராகவே கிடைக்கும். இம்பீடன்ஸிலிருந்து வந்த எண்ணோடு ஒப்பிடலாம். சட்டத்தை எஃகுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.