எஸ்தர் கதை: மறைந்து வாழச் சொல்கிறதா, வெளிப்படச் சொல்கிறதா?

கேள்வி:
பைபிளில், பாரசீகப் பேரரசில் வாழ்ந்த யூதர்களைப் பற்றிய எஸ்தர் புத்தகத்தில் ஒரு இடம் இடிக்கிறது. 2ஆம் அதிகாரத்தில் ராஜாவின் அரண்மனைக்குப் போகும் யூதப் பெண் எஸ்தரிடம், உன் இனம் எதுவென்று சொல்லாதே என்கிறார் அவளை வளர்த்த உறவினர் மொர்தெகாய். அடுத்த அதிகாரத்திலேயே அவர் ராஜாவின் தலைமை அதிகாரியான ஆமானை வணங்க மறுக்கிறார், தான் யூதன் என்றும் சொல்லிவிடுகிறார், அதுதான் மொத்த இனத்தையும் அழிக்கும் ஆணையில் போய் முடிகிறது. அந்நிய மண்ணில் எப்படி வாழ வேண்டும் என்கிறது இந்தக் கதை?

பதில்:
ரெண்டும்தான். மறைத்ததால்தான் அவளால் ராணியாக முடிந்தது. ஆனால் ஆபத்து வந்ததும் 4ஆம் அதிகாரத்தில் அதே மொர்தெகாய், அரண்மனையில் இருப்பதால் நீ மட்டும் தப்பிவிடுவாய் என்று நினைக்காதே என்று கறாராகச் சொல்கிறார். அழைக்காமல் ராஜாவிடம் போனால் மரணம், போகாவிட்டாலும் ஆபத்து. மறைவு எதற்காக என்பதுதான் கேள்வி, சும்மா பிழைத்துக்கிடக்க என்றால் அதற்கு ஒரு எல்லை இருக்கிறது.

பதில்:
எனக்கு வியப்பு வேறு. எபிரேய மூலத்தில் கடவுளின் பெயரே வராது. உபவாசம் உண்டு, ஜெபம் இல்லை (பிற்பாடு கிரேக்க வடிவத்தில்தான் ஜெபங்களைச் சேர்த்தார்கள், அவர்களுக்கும் உறுத்தியிருக்கும் போல). எருசலேமுக்குத் திரும்பும் ஏக்கமும் கிடையாது. பைபிளின் இன்னொரு புத்தகத்தில் தானியேல் சிங்கக் கெபியில் தேவதூதனால் காப்பாற்றப்படுகிறான், இங்கே பாரசீகத் தலைநகர் சூசானில் காப்பாற்றுவது விருந்து, தூக்கம் வராத ஒரு ராஜா, சரியான நேரத்தில் பேசிய ஒரு பெண், அவ்வளவுதான். சிறுபான்மையாக வாழ்கிறவர்களின் அரசியல் கதையாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

பதில்:
முடிவையும் பாருங்கள். ராஜாவால் தன் பழைய ஆணையை ரத்து செய்யக்கூட முடியவில்லை, யூதர்கள் தற்காத்துக்கொள்ளலாம் என்று இன்னொரு ஆணைதான் வருகிறது, 9ஆம் அதிகாரத்தில் யூதர்களின் எதிரிகள் 75,000 பேர் கொல்லப்படுகிறார்கள், அதை வெறும் வெற்றியாகப் படிக்க என்னால் முடியாது. இந்தத் தப்பித்தலை யூதர்கள் கொண்டாடும் பூரீம் பண்டிகையில், மற்ற பண்டிகைகளில் பாடும் ஹல்லேல் என்ற துதிச் சங்கீதங்களை ஏன் பாடுவதில்லை என்பதற்கு, யூத மரபு நூலான தல்மூதில் ராவா என்ற அறிஞர் தரும் காரணம்தான் சரியான விளக்கம்: நாம் இன்னும் அகாஸ்வேருவின் (இந்தக் கதையின் ராஜா) அடிமைகள்தானே. எகிப்திலிருந்து வெளியேறியது போல இதில் யாரும் எங்கும் வெளியேறவில்லை. கடைசி அதிகாரம் தொடங்குவதே ராஜா வரி போட்டார் என்றுதான்!

கேள்வி கேட்டவர்:
அந்த வரி வசனத்தைக் கவனிக்காமலே தாண்டிவிட்டேன். சரி, மொர்தெகாய் ராஜாவுக்கு அடுத்த இடத்துக்கு வருகிறாரே, அது பாதுகாப்பு இல்லையா?

பதில்:
யோசேப்பும் எகிப்தில் அதே இடத்தில்தான் இருந்தார். அப்புறம் யோசேப்பை அறியாத ஒரு ராஜா வந்தான் (யாத்திராகமம் 1:8), அவருடைய இனத்தையே அடிமைப்படுத்தினான்.