மறைபாத்திரச் சீட்டாட்டத்தில் ஒவ்வொரு முறையும் பிடிபடுகிறேன், உதவி தேவை

பாயான்_லெப்பாஸ்_புதியவன்
வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டில் சீட்டு ஆடுகிறோம். எதிரிகள் யார் யாரென்று தெரிந்த பாத்திரம் எனக்கு வரும்போதெல்லாம், எங்கள் அணி வென்ற பிறகும் கடைசி நொடியில் என்னைச் சுட்டிக்காட்டி வெற்றியைப் பறித்துக்கொள்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்குள் வழி சொல்லுங்கள்.

ஆயர்_ஈத்தாம்_அக்காள்
எந்த ஆட்டம், எத்தனை பேர், எந்தெந்தப் பாத்திரங்கள் என்று எதையுமே சொல்லவில்லையே, தம்பி?

ஈப்போ_ரோடு
ஊராருக்குள் ஒளிந்திருக்கும் ஓநாய்களைக் கண்டுபிடிக்கும் ஓநாய் ஆட்டம்தான், ஐயமில்லை. இரண்டாம் பகலிலேயே எழுந்து ஓநாய்களின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

செந்தூல்_பழையவர்
கேள்வியை முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதும் வழக்கம் இங்கே எப்போது ஒழிந்தது? வென்ற பிறகு ஒருவரைச் சுட்டி வெற்றியைப் பறிப்பது அவலோன் ஆட்டத்தின் கொலையாளி. அவர் தீயவர் அணி; தீயவர் யாரென்று தெரிந்த நல்லவரான மெர்லினைத்தான் தேடுவார். கேள்வி கேட்டவர் அந்த மெர்லின். தீயவர் பெயரைச் சொன்னால் அன்றே முடிந்தது.

பாயான்_லெப்பாஸ்_புதியவன்
ஆம், அவலோன். ஏழு பேர். மெர்லின் யாரென்று அறியும் நல்லவரான பெர்சிவலும், அவருக்கு மெர்லினைப் போலவே தோன்றும் தீயவரான மோர்கனாவும் இல்லை.

செந்தூல்_பழையவர்
இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஏழு பேரில் மூவர் தீயவர். ஒவ்வொரு பயணத்துக்கும் போகும் அணியை எல்லோரும் வாக்களித்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள்; போகிற தீயவர் ரகசியமாகத் தோல்விச் சீட்டுப் போட்டுப் பயணத்தைக் கெடுக்கலாம். நீங்கள் மறுத்த அணியெல்லாம் கெட்ட அணியாகவே இருந்தால், வாக்குகளை நினைவில் வைத்திருப்பவர் உங்கள் முகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. முதல் பயணத்துக்கு இருவர்தாம் போகிறார்கள். அதில் ஒரு தீயவர் இருந்தாலும் ஏற்று வாக்களியுங்கள். ஒரு பயணம் தோற்றால் ஆட்டம் போய்விடாது. நான்காம் பயணம் தோற்பதற்கு இரண்டு தோல்விச் சீட்டுகள் விழ வேண்டும் என்பதால் அங்கும் சற்று மூச்சு விடலாம். ஆனால் தொடர்ந்து ஐந்து அணிகள் மறுக்கப்பட்டால் தீயவருக்கே வெற்றி என்பதை மறக்க வேண்டாம்.

ஆயர்_ஈத்தாம்_அக்காள்
பெர்சிவலையும் மோர்கனாவையும் சேர்த்துவிடுங்கள். மெர்லினைப் போல நடித்துக் கொலையாளியின் குத்தை வாங்கிக்கொள்ள பெர்சிவல் கிடைப்பார். இன்னொன்று, சத்தியம் செய்வதைத் தடை செய்யுங்கள். எங்கள் வீட்டில் தம்பி, "அம்மா மேல் ஆணையாக நான் நல்லவன்" என்றதும் அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்துவிட்டார்.

ஈப்போ_ரோடு
பொய் சொல்வதற்கென்றே உள்ள ஆட்டத்தில் சத்தியம் மட்டும் என்ன விலக்கு?

செந்தூல்_பழையவர்
பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சுகிறவர் தீயவராக வரும்போது வாயை மூடிக்கொள்வார். அந்த மௌனமே அவரைக் காட்டிக்கொடுக்கும். அப்புறம் ஆட எதுவும் மிஞ்சாது.

ஈப்போ_ரோடு
அந்த மௌனத்தைப் படிப்பதும் திறமைதான், ஐயா. உங்கள் வாக்குக் கணக்கு மட்டும்தான் ஆட்டமா?

தஞ்சோங்_பூங்கா
சத்தியம் இருக்கட்டும். புதியவரே, ஆட்டத் தொடக்கத்தில் எல்லோரும் கண் மூடும் கட்டத்தில் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள்?

பாயான்_லெப்பாஸ்_புதியவன்
மேசைக் கோடியில், தாத்தாவின் பிரம்பு நாற்காலியில். முன்னால் சாய்ந்து எட்டிப் பார்த்தால்தான் எல்லாக் கட்டைவிரல்களும் தெரியும்.

தஞ்சோங்_பூங்கா
தீயவர்கள் கண்ணை மூடிக் கட்டைவிரலை உயர்த்தியிருக்கும் அந்தச் சில நொடிகளில் கண் திறந்திருப்பவர் மெர்லின் ஒருவரே. அப்போது பிரம்பு முனகினால் கொலையாளிக்கு வேறு சான்று எதற்கு?

பாயான்_லெப்பாஸ்_புதியவன்
நேற்று பாய் விரித்து ஆடினோம். மெர்லினாக வந்தேன், கொலையாளி அத்தையைச் சுட்டினார். அனைவருக்கும் நன்றி.

செந்தூல்_பழையவர்
முதல் பயணத்தில் எப்படி வாக்களித்தீர்கள் என்பதைச் சொல்லவில்லையே?