பிள்ளைக்கு நாலு நாள், அப்பத்தாவுக்கு ஆஸ்பத்திரி: ஃப்ளூ ஏன் இப்படிப் பரவுது?

நொய்யல்கரை:
ஐப்பசி மழை பிடிச்சா திருப்பூர் லைன் வீடுகள்ல ஒரே வரிசைதானுங்க. முதல்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைக, ரெண்டு மூணு நாள்ல பனியன் கம்பெனிக்குப் போற அப்பா அம்மா, கடைசியா அப்பத்தா. பிள்ளை நாலு நாள்ல விளையாடப் போயிருது, அப்பத்தாவைத்தான் ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியிருக்கு. ஒரே காய்ச்சல்தானே? எங்கே மறிச்சா நிக்கும்?

ஊதக்காத்து:
மடை பிள்ளைகிட்டத்தானுங்க இருக்கு. சின்ன உடம்பு இந்தக் கிருமியை அதிகம் பார்த்ததில்லை, அதனால சீக்கிரம் தொத்தும். பெரியவங்க, காய்ச்சல் தெரியறதுக்கு ஒரு நாள் முன்னாடியிருந்து அப்புறம் 5–7 நாள் வரைக்கும் பரப்புவாங்க. சின்னப் பிள்ளைக 10 நாளுக்கு மேலயும் பரப்பும். தொத்தினா 1–4 நாள்ல, பெரும்பாலும் ரெண்டாம் நாளே காய்ச்சல் வரும். நீங்க சொல்ற இடைவெளி அதுதான்.

வயசானவங்களுக்குத் தொத்துறது பிள்ளைகளைவிடக் குறைவு. ஆனா எதிர்ப்புச் சக்தி தளர்ந்து, சர்க்கரை, இருதயக் கோளாறும் சேர்ந்தா நிமோனியா வரைக்கும் போயிரும். அவங்களுக்கு உடம்பு சுடாமலே இருக்கலாம். சாப்பாடு வேண்டாம்னு படுத்துக்கறது, குழப்பமாப் பேசறது, மூச்சு வாங்கறது இதையெல்லாம் பாருங்க. தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீங்க.

காளிங்கராயன்கரை:
அப்பா அம்மா ஷிப்டுக்குப் போனா, காய்ச்சல் பிள்ளை அப்பத்தா மடியிலதான் கிடக்கும். கஞ்சியை ஊட்டி, மீதியை அதே கரண்டியில அவங்களே குடிப்பாங்க. மாத்த வேண்டியது இதைத்தானுங்க. தட்டு, டம்ளர், படுக்கை தனி. ஜன்னலைத் திறந்து வைங்க. வேற ஆள் இல்லைன்னா அப்பத்தா மாஸ்க் போட்டு, சோப்புல கை கழுவட்டும்.

இன்னொண்ணு, காலையில பாரசிட்டமால் சிரப் ஊத்திப் பள்ளிக்கூடம் அனுப்பறது. மருந்து சூட்டைத்தான் தணிக்கும், கிருமியை இல்லை. மத்தியானம் மறுபடி சுடறதுக்குள்ள பக்கத்துப் பிள்ளைக்குப் போயிருக்கும். மருந்தில்லாம 24 மணி நேரம் காய்ச்சல் இல்லைன்னா அனுப்புங்க. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் வேண்டவே வேண்டாம்.

கடைமடை:
ஃப்ளூ தடுப்பூசியை மழைக்கு முன்னாடியே போடணுங்க. பலன் வர 2 வாரம் ஆகும். 9 வயசுக்குள்ள முதல் தடவைன்னா 4 வாரம் விட்டு 2 ஊசி, அதனால ஆவணியிலயே தொடங்குங்க. அப்புறம் வருஷா வருஷம் ஒண்ணு. 6 மாசத்துக்குள்ள குழந்தைக்குப் போட முடியாது. தாய் கர்ப்பமா இருக்கறப்பவே போட்டுக்கலாம்.

வயசானவங்களுக்கு அவசியம் போடணும், ஆனா அவங்க உடம்புல ஊசியோட பலன் கொஞ்சம் குறைவு. அதனால பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போடுங்க. ஜப்பான்ல 1962-லிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டாங்க; 1994-ல அந்தத் திட்டத்தை நிறுத்தின பிறகு வயசானவங்களோட குளிர்கால இறப்பு மறுபடி ஏறுச்சு.

அப்பத்தாவுக்கு வந்துட்டா, ஃப்ளூ கிருமியை அடக்கற ஓசல்டமிவிர் மாத்திரையை 48 மணி நேரத்துக்குள்ள தொடங்கினாத்தான் நல்ல பலன். மூணு நாள் கஷாயம் குடிச்சுப் பார்த்துட்டு டாக்டர்கிட்டப் போகாதீங்க.

நொய்யல்கரை:
சரிங்க. வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு வாரம் லீவு கிடைக்காதுங்களே?

ஊதக்காத்து:
முதல் மூணு நாள்தான் பரவல் அதிகமுங்க. அதையாவது கேட்டு வாங்குங்க. மீதி நாளுக்கு மாஸ்க் போட்டுட்டுப் போங்க, கம்பெனி வண்டியில ஜன்னலைத் திறந்து விடுங்க.