கிராஸ்ப்ளை, ரேடியல் டயர்கள்: குறுக்கிழை வேண்டாம், சாயிழை – ஆரையிழை போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய காரின் பராமரிப்புக் கையேட்டுக்காக நாம் திரட்டிய சொற்பட்டியலில், டயர் பகுதியின் முதல் சொல்லே "குறுக்கிழை டயர்" என்று நிற்கிறது. டயரின் உடலுக்குள் புதைந்த இழைகள் எப்படி ஓடுகின்றன என்பதை வைத்து டயர்களை கிராஸ்ப்ளை, ரேடியல் என்று பிரிக்கிறார்கள். இதில் கிராஸ்ப்ளைக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி பிடிக்கவில்லை என்பது மட்டும் குறையாக இருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இந்தச் சொல்லை நம்பிக் கடைக்குப் போகிறவர் முன்னுக்குப் பின்னாக டயர் மாட்டிக்கொண்டு வந்துவிடக்கூடும். அதனால் விட மனமில்லை.

> கிராஸ் என்றால் குறுக்கு, ப்ளை என்றால் இழையடுக்கு. குறுக்கிழை என்று நேராகச் சொல்வதில் என்ன தடை?

"குறுக்கே" என்று நாம் சொல்லும் பொருள்தான் தடை. சாலைக்குக் குறுக்கே மாடு போனது என்றால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நேராகப் போனது என்றே கொள்கிறோம். டயருக்குள் அப்படி நேராகப் போகும் இழை ரேடியலில்தான் இருக்கிறது. இந்தப் பக்க விளிம்புக்கம்பியில் (டயர் ரிம்மில் உட்காரும் ஓரத்துக் கம்பி) புறப்பட்டு, உருளும் திசைக்கு 90 பாகையில், அந்தப் பக்க விளிம்புக்கம்பியில் போய் முடிகிறது. கிராஸ்ப்ளையின் இழை அப்படிப் போவதில்லை. உருளும் திசைக்கு ஏறக்குறைய 30 முதல் 40 பாகை வரை சாய்ந்து ஓடுகிறது. அதன் மேலிருக்கும் அடுக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரண்டு டயரையும் அறுத்துப் போட்டு, "இதில் குறுக்கிழை எது?" என்று பட்டறைப் பையனைக் கேட்டால் ரேடியலைத்தான் தொட்டுக் காட்டுவான். அவன் சொல்வது தமிழ்ப்படி சரி. நம் பட்டியல்தான் தலைகீழாக இருக்கிறது.

> சரி, பின்னலிழை என்று வைத்துக்கொண்டால்?

பின்னல் என்றால் இழை மேலும் கீழும் மாறி மாறிப் புகுந்து வர வேண்டும். டயரில் அப்படி இல்லை. ஒவ்வோர் அடுக்கும் ரப்பர் பூசிய தனிப் பாய். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருக்கிறது. தனித்தனியாக இருப்பதால்தான் சாலையில் அழுந்தும் இடத்தில் இரண்டு அடுக்கின் இழைகளும் கத்தரிக்கோலின் அலகுகள்போல விரிந்து சுருங்குகின்றன. டயர் ஒவ்வொரு சுற்றிலும் இப்படி அசைவதால் உள்ளே சூடு ஏறுகிறது. சாலையில் படும் மிதிபரப்பு நெளிந்து சீக்கிரம் தேய்கிறது. ரேடியலில் பக்கச்சுவர் தன் போக்கில் வளையும். அதற்கு மேலே, மிதிபரப்புக்கு அடியில் இருக்கும் பட்டை அதைத் தட்டையாகப் பிடித்து வைத்திருக்கும். மிஷ்லின் நிறுவனம் 1946இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இந்த அமைப்புக்குத்தான்.

ஆக, பெயர் இழையின் போக்கைச் சொல்ல வேண்டும். சாய்ந்து ஓடுவது "சாயிழை". வினைத்தொகை, சாய்ந்த, சாய்கின்ற, சாயும் இழை. "சாய்விழை" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அது பிழையில்லை. ஆனால் "விழை" என்று ஒரு சொல் தனியே கண்ணில் படுகிறது, வாசிப்பு தடுக்குகிறது. சாயிழை என்றவுடன் ஆயிழை, சேயிழை என்று இலக்கியத்தில் வரும் பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள் என்று கோவை நண்பர் கவலைப்பட்டார். அங்கே இழை என்பது அணிகலன், இங்கே நூல். டயர் கையேட்டில் யாரும் குழம்ப மாட்டார்கள். காதுக்குப் பழகிய ஒலியாக இருப்பதும் நல்லதே.

ரேடியலுக்கு யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "ஆரையிழை"யை முழுமனதோடு ஏற்கிறேன். தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆரம், இலங்கைப் பாடநூலில் ஆரை. ஆரத்தை எடுத்தால் "ஆரவிழை" என்று புணர்ந்து மறுபடியும் அந்த விழை வந்து நிற்கும். ஆரை என்றால் ஆரையிழை என்று வழுவழுவென்று போகிறது. "ஆரை டயர்" என்று இழையை விட்டுவிட்டு மட்டும் எழுத வேண்டாம். ஆரக்கால் என்பது சக்கரத்தின் கால். கம்பிச் சக்கரம் பூட்டிய பழைய எம்ஜி கார் வைத்திருப்பவர், தன் சக்கரத்துக்கென்றே செய்த டயர் என்று நினைத்துக்கொள்வார்.

> கடையில் நைலான், ரேடியல் என்றுதான் கேட்கிறோம். அதையே வைத்தால் என்ன?

கடையில் அப்படியே கேளுங்கள். லாரிப் பட்டறையில் வளர்ந்த சொல் அது, அதைத் திருத்த நமக்கு வேலை இல்லை. கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் "சாயிழை, கடைவழக்கில் நைலான்" என்று ஒருமுறை சொல்லிவிடலாம். ஆனால் நைலானையே கலைச்சொல்லாக்கினால் அது பொருளைத்தான் சொல்லும், அமைப்பைச் சொல்லாது. சாயிழை டயர் முதலில் பருத்தியிலும் பிறகு ரேயானிலும் வந்தது. அதற்குப் பிறகுதான் நைலான். இன்றைய ரேடியல்கள் பலவற்றிலும் எஃகுப் பட்டைக்கு மேல் நைலான் உறை இருக்கிறது. "ஆறு பிளை" என்பதிலும் இதே சிக்கல்: உள்ளே ஆறு அடுக்கு இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். அது பருத்திக் காலத்து அடுக்குக் கணக்கில் சொல்லும் வலிமை மதிப்பு. நைலானில் அதைவிடக் குறைந்த அடுக்கே அந்த வலிமையைத் தந்துவிடும். "அடுக்கு மதிப்பு" என்றே எழுதுவோம்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் இடத்துக்கு வருகிறேன். பட்டியலில் ஸ்லிப் ஆங்கிளுக்கு "வழுக்குக் கோணம்" என்று ஒரு சொல் இருக்கிறது. ஸ்லிப் என்பதை வழுக்கல் என்று எடுத்திருக்கிறார்கள். டயர் வழுக்கவே இல்லையே. வளைவில் திரும்பும்போது சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, வண்டி உண்மையில் போகும் திசை ஒன்று. ரப்பரும் இழையும் நெளிந்து கொடுப்பதால் இரண்டுக்கும் நடுவே சில பாகை வேறுபாடு விழுகிறது. நல்ல பிடிப்போடு ஓடும்போதும் இது உண்டு. "ஒதுங்கு கோணம்" என்று வைக்கலாம் என்பது என் முன்மொழிவு. வண்டி தான் பார்க்கும் திசையிலிருந்து கொஞ்சம் ஒதுங்கிப் போகிறது, அவ்வளவுதான்.

இந்த மூன்று சொற்களும் கையில் இருந்தால் பழைய கார்க்காரருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கையை இரண்டே வரியில் சொல்லிவிடலாம். ஒரே அளவு பக்கவிசையைத் தாங்க சாயிழை அதிகமாக ஒதுங்கும், ஆரையிழை குறைவாக ஒதுங்கும். ஆகவே ஒரே அச்சில் இரண்டையும் கலக்கக் கூடாது. முன்னால் ஆரையிழை, பின்னால் சாயிழை என்று ஒருபோதும் மாட்டக் கூடாது.

பலர் செய்வது இந்த இரண்டாவதைத்தான். ஸ்டியரிங் முன்னால்தானே இருக்கிறது, புது டயர் இரண்டை அங்கே போட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்று எண்ணுகிறார்கள். முன் சக்கரம் சொன்னபடி திரும்பும். பின் சக்கரம் அதைவிட அதிகமாக ஒதுங்கும். வண்டியின் பின்பக்கம் வெளியே வீசும். பிரிட்டனில் இந்தச் சேர்க்கையைச் சட்டமே தடை செய்கிறது. ஹெரால்டுக்கு இது இரண்டு மடங்கு ஆபத்து. 1959இல் இங்கிலாந்தில் வந்த டிரையம்ஃப் ஹெரால்டின் வழியில் 1961 முதல் சென்னையில் செய்த கார் அது. பின்னால் குறுக்கு வில்பட்டையும் ஊசலாடும் அரை அச்சுகளும். வளைவில் ஆக்சிலரேட்டரை டக்கென்று விட்டாலோ பிரேக் போட்டாலோ வண்டியின் பின்பகுதி எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும், டயர் ஓரத்தில் நிற்கும். இயல்பிலேயே வால் வீசக்கூடிய வண்டிக்குப் பின்னால் அதிகம் ஒதுங்கும் டயரைக் கொடுப்பது தெரிந்தே செய்யும் கேடு. நான்கும் ஒரே வகை என்பதே என் பரிந்துரை. கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டும்.

அளவு பற்றி. ஹெரால்டுக்கு வந்தது 5.20-13 சாயிழை. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது ரிம்மின் விட்டம். பக்கச்சுவரின் உயரம் எங்கும் எழுதியிருக்காது, ஏனென்றால் அந்தக் காலத்தில் உயரம் ஏறக்குறைய அகலத்தை ஒட்டியே இருந்தது. ஆரையிழையில் இதற்கு நிகராகப் பழக்கத்தில் இருப்பது 145 ஆர் 13; இங்கே அகலம் மில்லிமீட்டரில். உயரம் எழுதாமல் விட்டால் அது அகலத்தில் 80 விழுக்காடு அளவில் என்று பொருள். இன்றைய ஆல்டோ கே10க்கு வரும் 145/80 ஆர் 13தான் அது, ஆகவே தேடி அலைய வேண்டியதில்லை. கடைக்காரர் "145 எல்லாம் ஒன்றுதான் சார்" என்று 145/70ஐ எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள். 80இல் டயரின் விட்டம் 562 மில்லிமீட்டர், 70இல் 533. வண்டி நின்ற உயரம் குறையும். உண்மையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது வேகமானியின் முள் 63ஐத் தாண்டிக் காட்டும். உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்று சொல்லும் இந்த ஆஸ்பெக்ட் ரேஷியோவுக்குப் பட்டியலில் உள்ள "உயர வீதம்" நல்ல சொல், அப்படியே இருக்கட்டும்.

அகலமான டயர் போட்டால் கம்பீரமாக இருக்கும் என்ற ஆசைக்கும் ஒரு வரி சேர்க்கலாம். ஹெரால்டின் ரிம் மூன்றரை அங்குல அகலம்தான். 165, 175 என்று போனால் பக்கச்சுவர் உள்ளே இழுத்துக்கொண்டு டயர் பலூன்போல் உப்பும். அதோடு, இந்தக் கார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், முன் சக்கரம் அவ்வளவு மடங்கும். அந்த மடக்கில் அகல டயர் எதில் உரசுகிறது என்று பார்க்காமல் வாங்கக் கூடாது.

மாட்டும் பகுதியில் எனக்கு மூன்று குறிப்புகள். "டியூப்லெஸ்" என்று எழுதிய ஆரையிழையைப் பழைய ரிம்மில் டியூப் இல்லாமல் மாட்டலாமா என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். கூடாது. புது ரிம்களில் டயரின் விளிம்பு நழுவாதபடி உட்பக்கம் ஒரு மேடு வைத்திருப்பார்கள். பழைய ரிம்மில் அது இல்லை. காற்று குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் விளிம்பு ரிம்மில் உட்கார்ந்த இடத்தை விட்டு உள்ளே விழுந்துவிடும். அந்த மேட்டுக்கு "விளிம்புத்தடை" என்று பெயர் வைக்கலாம். எது செய்ய இருக்கிறதோ அதையே சொல்கிறது.

டியூப் போடும்போது டயரின் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டுச்சீட்டு ஏதாவது இருந்தால் உரித்து எடுத்துவிட வேண்டும். ஆரையிழையின் பக்கச்சுவர் அதிகம் வளைவதால், அந்தச் சிறு காகித ஓரமே ஓடி ஓடி டியூபை அறுத்துவிடும். டியூபில் ரேடியலுக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். டால்கம் தூவி, கொஞ்சம் காற்று வைத்து உருண்டையாக்கி உள்ளே விட்டு, டயர் உட்கார்ந்ததும் காற்றை முழுக்க இறக்கி மறுபடி ஏற்றினால் உள்ளே மடிப்பு நிற்காது. இந்த மறுபடி ஏற்றும் வேலையைப் பெரும்பாலான கடைகளில் செய்ய மாட்டார்கள். பக்கத்தில் நின்று கேட்டு வாங்குங்கள்.

டியூபின் மவுத் (காற்றடைக்கும் வால்வு) நுழையும் ரிம் துளையையும் அளக்க வேண்டும். 11.5 மில்லிமீட்டர் துளைக்கு மவுத் ஒரு தடிமன், 16 மில்லிமீட்டர் துளைக்கு வேறு தடிமன். பெரிய துளையில் மெல்லிய மவுத்தை விட்டால் அது சாய்ந்து ஆடி, டியூபோடு சேரும் இடத்தில் கிழியும். இடைவெளியை அடைக்க ரப்பர் வளையம் கிடைக்கிறது.

வயது பற்றிய பத்தி பட்டியலில் இல்லை, சேர்க்க வேண்டும். பழைய கார் ஓடுவது குறைவு. மிதிபரப்பின் பட்டன் தேயாது, ரப்பர் கிழமாகிவிடும். மொட்டையாகவில்லையே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றிவிடலாம். ஐந்து ஆண்டு தாண்டியதும் ஆண்டுக்கு ஒருமுறை கடையில் காட்டுங்கள், பத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பது மிஷ்லின் சொல்லும் கணக்கு. இந்த எண்ணுக்கு "ஆக்கக்குறி" என்று நண்பர் ஒருவர் எழுதியதை நானும் ஆதரிக்கிறேன்.

இன்னொன்று: முன்னுரையில் ஹெரால்டை "விண்டேஜ் கார்" என்று எழுதியிருக்கிறது. விண்டேஜ் என்பது 1919 முதல் 1930 வரை செய்தவற்றுக்கு வழங்கும் பெயர். "பழம்பெருங்கார்" என்று முன்பு பேசி முடித்ததையே அங்கும் வைத்துவிடலாம்.

மறுப்பு இருந்தால் சாயிழை, ஆரையிழை, ஒதுங்கு கோணம், விளிம்புத்தடை ஆகிய நான்குக்கும் தனித்தனியே எழுதுங்கள், சேர்த்து எழுதினால் எது எதற்கு என்று பிரிக்க முடியவில்லை. முடிவாகாமல் இருப்பவை இரண்டு. கம்பிச் சக்கரத்தில் ஆரக்கம்பியின் முனைகள் டியூபில் குத்தாமல் சுற்றிப் போடும் ரப்பர் பட்டை ஒன்று; வண்டி பல நாள் நின்றால் நைலான் இழை டயரில் விழுந்து, ஓடிச் சூடேறியதும் சரியாகிவிடும் அந்தத் தட்டையான இடம் இன்னொன்று. சைக்கிள் கடையிலோ லாரிப் பட்டறையிலோ இவற்றுக்குப் புழங்கும் சொல் தெரிந்தவர்கள் எழுதினால், புதிதாக எதுவும் ஆக்காமல் அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்.