சுழலும் சக்கரம், குறுக்குக் காற்று: ரேஸ் சைக்கிளுக்கு எம்ஆர்எஃப் கணக்கு முறை போதுமா?

மண்டபம்_700சி:
ஓப்பன்ஃபோமில் (காற்றோட்டத்தைக் கணிக்கும் மென்பொருள்) ரேஸ் சைக்கிளைக் கணக்கிடுகிறேன். வேகம் 40 கி.மீ. (11.11 மீ/நொடி), 25 மி.மீ. டயர், 60 மி.மீ. ஆழ ரிம். தனுஷ்கோடி – அரிச்சல்முனைச் சாலையில் ஆடி மாதத் தென்மேற்குக் காற்று கிட்டத்தட்ட நேர் குறுக்கே அடிக்கும். அந்த நிலைதான் வேண்டும். வானிலைக் கணக்கில் காற்று 30 கி.மீ. டயர், ரிம், ஸ்போக்ஸ் மூன்றுக்கும் சுழலும் சுவர் நிபந்தனைதான் (உருவம் நிற்கும், பரப்புக்கு மட்டும் சுழலும் வேகம்). இழுவிசை ஒரு மதிப்பில் நிற்காமல் ஆடுகிறது. டயர் தரையைத் தொடும் இடத்தில் மெஷ்ஷும் (காற்றுவெளியைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலை) கெடுகிறது. என்ன மாற்றலாம்?

உப்பங்காற்று:
ஸ்போக்ஸுக்கு அந்த நிபந்தனை ஆகாது. டயர், ரிம் எந்தக் கோணத்திலும் ஒரே உருவம், அதனால் சரி. ஸ்போக்ஸ் காற்றை வெட்டிக்கொண்டு போகிறது. வேகம் அதன் முகத்துக்குச் செங்குத்து. ஓப்பன்ஃபோம் அந்தச் செங்குத்துப் பகுதியை நீக்கிவிடும், ஸ்போக்ஸ் காற்றை வெட்டுவதே கணக்கில் வராது. ரிம்மின் உள்விளிம்புக்குச் சற்று உள்ளே எம்ஆர்எஃப் உருளை மண்டலம் (மெஷ் நகராமல், சுழலும் சட்டகத்தில் கணக்கிடும் பகுதி) போட்டு ஸ்போக்ஸை அதில் வையுங்கள். ஃபோர்க் கால் அதற்குள் நுழையக் கூடாது.

கோண வேகம் 11.11 / 0.335 (சக்கர ஆரம், மீ) = 33.2 ரேடியன்/நொடி. காற்று +எக்ஸ், மேலே +இசட் என்றால் சுழற்சி அச்சு −ஒய். டயரின் அடி வேகமும் தரை வேகமும் ஒன்றா என்று பாராவியூவில் (முடிவைப் படமாகக் காட்டும் மென்பொருள்) பாருங்கள். தலைகீழாகச் சுழன்றாலும் கணக்கு சத்தமில்லாமல் ஓடி முடியும்.

மெஷ்ஷுக்கு: தரையை 3 மி.மீ. உயர்த்தி டயரை வெட்டுங்கள், டயருக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ஆப்பு வடிவ இடுக்கின் கூர்மை குறையும். டயரைத் தூக்கி இடைவெளி விட்டால் நிஜத்தில் இல்லாத காற்று அடியில் பாயும்.

சோழகம்:
அந்த 30 கி.மீ. 10 மீட்டர் உயரக் கணக்கு. கடல்மேல் வரும் காற்றுக்கு, உயரத்தோடு வேகம் மாறும் அடுக்குக்குறி 0.11 வைத்தால் 1 மீட்டர் உயரத்தில் சுமார் 6.5 மீ/நொடி. ஆக இன்லெட்டில் (காற்று நுழையும் பக்கம்) வேகம் (11.11, 6.5, 0), கோணம் 30°. தரைக்கு (11.11, 0, 0) மட்டுமே, சாலை பக்கவாட்டில் நகராது! பக்கச் சுவர்களில் சிமெட்ரி (காற்றைக் கடக்கவிடாத நிபந்தனை) இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒன்று இன்லெட், எதிர்ப்பக்கம் அவுட்லெட் (காற்று வெளியேறும் பக்கம்).

30°-ல் ஆழ ரிம் ஸ்டால் ஆகிவிடும் (காற்று பரப்பை விட்டுப் பிரிந்துவிடும்). நிபந்தனைகளைத் திருத்தினாலும் இழுவிசை ஆடத்தான் செய்யும், ஓட்டமே நிலையில்லாதது. எம்ஆர்எஃப் ஸ்போக்ஸை ஒரே கோணத்தில் நிறுத்திவிடும். நேர்காற்றுக்கு அது போதும். சக்கரத்தின் ஊடே குறுக்காகக் காற்று போகும்போது நம்ப முடியாது. ஸ்போக்ஸ் மண்டலம் நிஜமாகவே சுழலும் ஸ்லைடிங் மெஷ்ஷுக்கு மாறுங்கள். ஒரு சுற்று 0.189 நொடி, 1°-க்கு டைம்ஸ்டெப் 0.0005 நொடி. முதல் 3 சுற்றைத் தள்ளிவிட்டு அடுத்த 5 சுற்றுக்குச் சராசரி எடுங்கள்.

தொண்டி_வாட்:
பவர் கணக்கில் இழுவிசை × வேகத்தோடு நிறுத்தாதீர்கள், சக்கர அச்சின் டார்க் (திருப்புவிசை) × 33.2-ஐயும் கூட்டவேண்டும். காற்றின் அடர்த்தியை 1.225 கி.கி./கன மீட்டர் என்றே விட்டிருந்தால் மாற்றுங்கள். 30 டிகிரி வெயில், கடலோர ஈரப்பதத்துக்கு 1.15, இழுவிசை அதிலேயே 6% இறங்கும்.