ஓவனில் வைக்கும் காகிதக் கிண்ணங்கள் எவ்வளவு சூடு தாங்கும்?

கேள்வி:
வீட்டில் கேக் செய்து விற்று வருகிறேன். சென்ற வாரம் வழக்கமான கப்கேக் கிண்ணங்கள் தீர்ந்துவிட்டதால், மொத்த விலைக் கடையில் "பேக்கிங் கப்" என்று சொல்லிக் கொடுத்த, உறையில் ஓர் எழுத்தும் அச்சிடப்படாத கட்டு ஒன்றை வாங்கினேன். 180 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் வைத்தபோது மாவு நன்றாகவே உப்பியது. ஆனால் விளிம்புகள் பழுப்பேறி, அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. காகிதத்தை உரித்தபோது உட்புறத்திலிருந்து கண்ணாடி போன்ற மெல்லிய படலம் சுருண்டு கேக்கோடு வந்தது. செய்த 24 கப்கேக்கையும் யாருக்கும் கொடுக்காமல் எறிந்துவிட்டேன். எந்தக் காகிதத்தை நம்பலாம், அதை எப்படிச் சோதிப்பது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் 1:
எறிந்தது சரியான முடிவு, சகோதரி. உரிந்து வந்தது பெரும்பாலும் பாலிஎத்திலீன் படலமாகத்தான் இருக்கும். தேநீர்க் கோப்பைகளின் உட்புறத்தில் பூசுவதும் அதையே. சூடான பானத்தைத் தாங்கும் அந்தப் படலம் 110 டிகிரியை ஒட்டி உருகிவிடும். மெழுகுத்தாளும் ஓவனுக்கு ஆகாது. சிலிகோன் பூசிய காகிதமும், ஓவனுக்கென்றே பாலியெஸ்டர் படலம் ஒட்டிய அட்டையும் ஏற்றவை. பேக்கிங் காகிதத்துக்கென ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் வகுத்துள்ள பரிந்துரை 220 டிகிரி வரைக்குமானது. எனவே உறையில் வெப்ப அளவு அச்சிடப்படாத கிண்ணத்தை வாங்கவே வேண்டாம்.

விளிம்பு மட்டும் பழுப்பேறியதற்குக் காரணம் உண்டு. ஈரம் இருக்கும் வரை மாவு 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் அதைத் தொடும் காகிதம் காப்பாற்றப்படுகிறது. மாவுக்கு மேலே நீண்டிருக்கும் விளிம்போ ஓவனின் முழுச் சூட்டையும் வாங்குகிறது. ஓ.டி.ஜி. எனப்படும் சிறிய மின் ஓவனில், சூடேற்றும் மேல் கம்பிக்கு அருகே குமிழில் காட்டும் அளவைவிடச் சூடு கூடுதலாக இருக்கும். நடுத்தட்டில் வையுங்கள், கிரில் முறையைத் தொடாதீர்கள்.

பதில் 2:
சோதிக்க நான் செய்வதைச் சொல்கிறேன். கிண்ணத்தினுள் சூடான நெய்யைத் தடவி, வெள்ளைத்தாளின் மீது அரை மணி நேரம் வைத்துவிட்டு, கீழே கறை படிகிறதா என்று பார்ப்பேன். பிறகு இன்னொரு கிண்ணத்தில் பச்சரிசியை நிரப்பி 180 டிகிரியில் 15 நிமிடம் வைத்து, வாடை வருகிறதா, உட்புறம் பளபளத்துச் சுருங்குகிறதா என்று கவனிப்பேன். அரிசி கட்டாயம் வேண்டும். வெறும் கிண்ணத்தை வைத்தால் விசிறிக் காற்றில் பறந்து கம்பியில் பட்டுத் தீப்பிடிக்கக் கூடும்.

பதில் 3:
நெய்ச் சோதனை பயனுள்ளதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. எண்ணெய் ஊறாமல் இருக்கச் சில காகிதங்களில் பி.எஃப்.ஏ.எஸ். எனப்படும் ஃபுளோரின் சேர்மங்களைப் பூசுவார்கள். அத்தகைய கிண்ணம் உங்கள் சோதனையில் முதல் மதிப்பெண் பெற்றுவிடும். எளிதில் சிதையாத அந்தச் சேர்மங்களை உணவுக் காகிதங்களில் டென்மார்க் 2020 ஜூலையிலேயே தடை செய்தது; அமெரிக்காவில் இவ்வகைப் பூச்சுப் பொருள்களின் விற்பனை நின்றுவிட்டதாக அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் அறிவித்தது. சிலிகோன் பூச்சுக்கோ, கூழை மிக நுண்ணியதாக அரைத்துச் செய்யும் எண்ணெய் புகாக் காகிதத்துக்கோ அவை தேவையில்லை. ஆகவே என்ன பூச்சு என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மைக்ரோவேவுக்கு ஏற்றது என்ற முத்திரையை ஓவனுக்கும் பொருந்தும் என்று கொள்ள வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. மீதிக் கட்டைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, அது வந்த பெரிய அட்டைப்பெட்டியைக் காட்டச் சொன்னேன். லட்டு, பர்ஃபி அடுக்குவதற்கான கிண்ணங்கள் என்று அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருந்தது.