புதுப்பிப்பு: பினாங்கு வெயிலில் குளிர்நாட்டுக் கோழிகள்

வையண்டாட், ஓர்பிங்டன் கோழிகளுக்கு இங்கே நிழல் இருந்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். போதாது, திருத்திக்கொள்கிறேன்.

கோழிக்கு வியர்க்காது. கொண்டை, தாடி வழியாகவும் மூச்சிரைத்தும்தான் சூட்டைத் தள்ளும். வையண்டாட்டின் ரோஜாக் கொண்டை (தலையோடு ஒட்டிய தட்டைக் கொண்டை) பனியில் உறையாமல் தப்ப உதவும். கனடாவின் சாண்டிக்ளேர் இனத்துக்குக் கொண்டை பெயருக்குத்தான். பினாங்கில் அந்தச் சிறு கொண்டையே பாதகம், சூடு வெளியேற வழி குறைவு. 30 டிகிரி தாண்டி வாயைத் திறந்து இரைத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், முட்டை ஓடு மெலியும். ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சல் தூளை மட்டும் கூட்டிப் பயனில்லை, பாவம், கோழிக்கு முதலில் சூடு தணிய வேண்டும்.

நண்பகலில் தீவனம் வேண்டாம். செரிமானமும் உடலைச் சூடாக்கும். விடியலிலும் அந்தியிலும் போடுங்கள். மதியம் தண்ணீரை மாற்றுங்கள். ஜிங்க் (தகர) கூரைமேல் அத்தாப்பு ஓலை வேயுங்கள். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் வரும், மரத்தூளை அடிக்கடி மாற்றுங்கள்.

புதிதாகத் தொடங்குவோர் கம்பத்துக் கோழியையே (இவ்வூர் நாட்டுக்கோழி) வாங்குங்கள்.